பொம்மை சிஸ்டர் இருந்த வியாழக்கிழமைகள்

2024 அக்டோபர் 17, வியாழக்கிழமை அன்று, பாம்பன் தெற்குவாடியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் மருந்தகத்தில், நோயாளிகளிடம் பேசும் ரோபோ ஒன்று வைக்கப்பட்டது.

இடுப்புக்குச் சற்று மேலான உயரம். வெள்ளை உடம்பு. கைகள் உண்டு, கால்கள் கிடையாது, அடியில் சக்கரம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை, அதில் இரண்டு வட்டக் கண்கள். யார் பேசினாலும் கழுத்தை அவர் பக்கம் திருப்பும். வழக்கமாக வரும் நோயாளிகளின் பெயரும் படமும் முன்கூட்டியே அதில் ஏற்றப்பட்டிருந்தன. மாவட்டத்தில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரி தன் ஆராய்ச்சிக்காக அதை அனுப்பியிருந்தது. கல்லூரிக்காரர்கள் எழுத்தும் எண்ணுமாக ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். பாம்பனில் அந்தப் பெயர் செல்லவில்லை. அங்கி போட்ட கன்னியாஸ்திரி மாதிரி வெள்ளையாக இருந்ததால் முதல் வாரமே அது 'பொம்மை சிஸ்டர்' ஆகிவிட்டது.

லீமாரோஸுக்கு அந்த முதல் வியாழக்கிழமை இன்றும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. கருவாட்டுக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க உள்ளே போனாள். எதிர் பெஞ்சில் அண்ணன் சிலுவைமுத்து உட்கார்ந்திருந்தான். கடலிலிருந்து நேரே வந்திருப்பான் போல, சட்டைக் காலரில் உப்பு பூத்திருந்தது. அவனுக்கும் அதே சர்க்கரை, அதே வியாழக்கிழமை. அய்யா வைத்துவிட்டுப் போன சொத்தில் இரண்டு பேருக்கும் சமமாகக் கிடைத்தது அந்த வியாதி ஒன்றுதான் என்று நர்ஸ் துர்காதேவி கேலி பேசுவாள்.

அண்ணனும் தங்கையும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது.

அம்மா இறந்த அன்று சிலுவைமுத்து போட்டில் வேலைக்குப் போயிருந்தான். எல்லைக்குப் பக்கத்தில் இலங்கை நேவிக்காரர்கள் போட்டுகளைப் பிடித்துவிட்டார்கள், சிலுவைமுத்து போன போட்டும் அதில் ஒன்று என்று கரையில் சேதி பரவியது. பிடிபட்டால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும் என்பது அந்தக் கரையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பங்குனி வெயில் வேறு. காத்திருந்து என்ன செய்ய என்று லீமாரோஸ்தான் முடிவெடுத்தாள். சாயங்காலம் அடக்கம் முடிந்தது. மறுநாள் விடியும்போது சிலுவைமுத்து கரையில் வந்து இறங்கினான். அவன் போன போட்டை யாரும் பிடிக்கவில்லை. எஞ்சின் மக்கர் பண்ணி, இன்னொரு போட்டு கயிறு கட்டி இழுத்து வந்திருந்தது. அவன் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். ஈர மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்து, தங்கச்சி வாசல் வழியாக, திரும்பிப் பார்க்காமல் போனான். அன்றோடு பேச்சு நின்றது.

எல்லாச் சண்டையையும் போல இதையும் காலம் ஆற்றிவிடும் என்று லீமாரோஸின் புருஷன் ஆன்டனி ராஜ் சொல்லிக்கொண்டிருந்தான். ஆற்றவில்லை. இதற்குள் மகள் ஜெர்லினுக்குத் தங்கச்சிமடத்தில் ஒரு சம்பந்தம் கூடிவந்தது. ஈஸ்டர் முடிந்து மே மாதம் கல்யாணம் என்று பேச்சு. பெண்ணைக் கைபிடித்து வாசலுக்குக் கொண்டுவந்து கோவிலுக்கு அழைத்துப் போக வேண்டியவன் தாய்மாமன். ஆன்டனி ராஜ் ஒரு தரம் மச்சானைக் கடற்கரையில் பார்த்து வாயெடுத்தான்.

"கூப்பிட வேண்டியவ வாயால கூப்பிடட்டும் மச்சான். நீங்க எதுக்கு நடுவுல கெடந்து சீரழியறீக?" என்று சிலுவைமுத்து வலையை உதறிக்கொண்டே சொன்னான்.

"கூப்பிட்டா வாரியளா?"

"மொத கூப்பிடட்டும்."

கூப்பிட லீமாரோஸுக்கு வாய் வரவில்லை. மனசில் இருந்ததோடு சரி.

முதல் வியாழக்கிழமை நடந்தது இதுதான். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால் தூணிடம் பேசுவார்கள். தூண் இல்லாவிட்டால் ஆட்டிடம், கைக்குழந்தையிடம். கேட்க வேண்டியவர் காதில் அது விழும். சொல்லவில்லை என்றும் ஆகாது, பேசினோம் என்றும் ஆகாது. லீமாரோஸ் கூடத்தில் புதிதாக நின்ற வெள்ளை உருவத்தைப் பார்த்தாள். இதுவும் ஒரு தூண்தானே என்று நினைத்துவிட்டாள்.

"ஏ சிஸ்டரு, ஒனக்கு ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. சில பேரு டாக்டரம்மாகிட்ட, சீனியே தொடுறதில்லன்னு சத்தியம் பண்ணுவாக. விடிஞ்சா பாலத்தடிக் கடையில டபுள் சீனி டீயும் ரெண்டு போண்டாவும் உள்ள போயிரும். சும்மா சொல்லி வச்சேன்."

தூணின் பெருமையே அது பதில் சொல்லாது என்பதுதான். இது கழுத்தைத் திருப்பியது.

"இதை யாரைப் பற்றிச் சொல்கிறீர்கள்?" என்று டிவியில் செய்தி வாசிக்கிற தமிழில் கேட்டது.

லீமாரோஸ் திகைத்துப்போய்க் கையை மட்டும் எதிர் பெஞ்சுக்கு நீட்டினாள். வெள்ளைக் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது.

"வணக்கம், சிலுவைமுத்து அவர்களே. இன்று காலை டபுள் சீனி டீ குடித்தீர்களா?"

கருவாட்டு வியாபாரி வாவு முகம்மது வாயில் வைத்திருந்த தண்ணீரைத் துப்பிவிட்டார். சிலுவைமுத்துவின் காது சிவந்தது. ஆனால் அவனும் அந்தக் கரையில் வளர்ந்தவன்.

"ஏ பொம்ம, நீயும் கேட்டுக்க. கருவாட்டுக்கு உப்பு போடுறவுகளுக்கு அடுத்தவன் டீயில எத்தன சீனின்னு என்னத்துக்கு? அவுகளுக்குப் பிரஷரு எவ்வளவுன்னு கேளு மொத."

கழுத்து இந்தப் பக்கம் வந்தது. "லீமாரோஸ் அவர்களே, உங்கள் ரத்த அழுத்தத்தை இன்று பார்த்துவிட்டீர்களா? நீங்கள் இருவரும் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். நேராகவே பேசிக்கொள்ளலாமே."

"ஆறு வருசமா ஊரே சொல்லுது, கேக்கல. வந்த அன்னைக்கே நீ சொல்லிப்பிட்டியே தாயி" என்றார் வாவு முகம்மது.

துர்காதேவி மாத்திரைப் பெட்டியோடு வெளியே வந்தாள். "ரெண்டு பேருமாச் சேந்து அந்த மிஷினக் கெடுத்துப்புடாதீக. காலேஜ்ல எனக்குத்தான் பதில் சொல்லணும்."

அடுத்த வியாழக்கிழமை இரண்டு பேருமே வழக்கத்தைவிட முன்னதாக வந்துவிட்டார்கள். ஏன் முன்னதாக வந்தீர்கள் என்று கேட்டால், வெயிலுக்கு முன்னால் போகலாம் என்றுதான் என்று இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லியிருப்பார்கள்.

அந்த மழைக்காலத்தில் தெற்குவாடி ஜனங்களிடம் வந்த மாற்றத்தை லீமாரோஸ் பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் திட்டினால் ரோஷம் வந்து மாத்திரையைக் கடலில் எறிகிறவர்கள், பொம்மை சிஸ்டர் கேட்டால் பையைத் திறந்து காலி அட்டையைக் காட்டினார்கள். சாப்பிடவில்லை என்று சொன்னால் அது திட்டாது. கண் இரண்டும் பாதியாகச் சுருங்கும், தலை லேசாகத் தொங்கும். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று சொல்லியே பாதிப் பேர் மாத்திரை போட்டார்கள். ஐஸ் சுமக்கும் மூக்கையா குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "மிஷினுக்கு என்னய்யா வாடை தெரியும்?" என்று கேட்டதற்கு, "அது நம்மளப் பாக்குதுல்ல" என்றார். வெளியே கெட்ட வார்த்தை பேசிக்கொண்டே வருகிறவர்கள் கூடத்து வாசலில் நாக்கை அடக்கினார்கள். வாவு முகம்மது ஒருநாள், "நேத்து பேரன் சுன்னத்துக்குப் பிரியாணி சாப்பிட்டேன்மா, பொய் சொல்லக் கூடாது" என்று தானாகவே சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தன்னையே நொந்துகொண்டார்.

ரோபோவைப் பார்த்துக்கொள்ள மாதம் இரண்டு முறை வரும் ஆராய்ச்சி மாணவி சஃபா, கீழக்கரைப் பெண். அதற்கு ஊர்ப்பேச்சைக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தது அவள்தான். முதல் தடவை அது "போயிட்டு வாங்க, அடுத்த வியாழக்கிழம இங்கன பாப்போம்" என்று சொன்னபோது கூடமே கைதட்டியது.

மாத்திரை விசாரணை முடிந்ததும் அது 'நினைவுப் பயிற்சி' என்று ஒன்று நடத்தும். வயசானால் ஞாபகம் மங்காமல் இருக்க, பழைய நாளைப் பற்றி ஒரு கேள்வி கேட்கும். யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். அதுதான் லீமாரோஸுக்கும் சிலுவைமுத்துவுக்கும் வாய்த்த இடம்.

"சிறு வயதில் நீங்கள் போன பயணம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று அது கேட்ட நாளில், லீமாரோஸ் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவைச் சொன்னாள். அய்யாவின் வத்தைப் படகில் போனது, தீவில் இலங்கைக்காரர்கள் பரப்பி வைத்திருந்த சோப்பும் சாரக் கைலியும் தகர டப்பா பிஸ்கட்டும், மணலில் படுத்துப் பார்த்த வானத்து வெள்ளிகள், பூசை மணி.

"வாந்தி எடுத்தத விட்டுட்டாக, கேளு சிஸ்டரு" என்றான் சிலுவைமுத்து. "போற வழி பூரா. சடை ரெண்டையும் நான்தான் தூக்கிப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். கை ஓஞ்சு போச்சு."

"பிடிச்சவுகதான் வரும்போது பிஸ்கட்டு டப்பாவக் கடல்ல போட்டாகன்னு சொல்லு."

"நானாப் போட்டேன்? இந்தா, அவுகளுக்கு ஒண்ணு எடுத்துக் குடுக்கலாம்னு மூடியத் தொறந்தேன். அல அடிச்சிருச்சு."

"பொய். அதுக்கு முன்னாலயே ஏழெட்டுத் தின்னாச்சு. வாய் பூரா தூளு."

வெள்ளைக் கழுத்து அங்கேயும் இங்கேயும் திரும்பிக்கொண்டே இருந்தது. "பிஸ்கட் கடலில் விழுந்ததில் இருவரும் ஒத்துப்போகிறீர்கள்" என்றது கடைசியில். கூடம் சிரித்தது. சிலுவைமுத்துவும் சிரித்தான், ரோபோவைப் பார்த்து. அவன் சிரிக்கும்போது அம்மாவுக்கு விழுவது போலவே இடது கன்னத்தில் மடிப்பு விழும். லீமாரோஸ் அதை மறந்தே போயிருந்தாள்.

மழை முடிந்து பனி வந்தது, பனி முடிந்து தவக்காலம் வந்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஏதோ ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. கப்பல் வரும்போது பழைய ரயில் பாலத்தை ஆட்கள் கையால் நெம்பித் திறப்பதைப் பார்க்கப் பள்ளிக்கூடத்தைக் கட் அடித்தது. கடல்பாசி எடுக்கக் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி முள்ளு குத்திக்கொண்டது. அய்யா ரேடியோவை உப்புக் காற்று படாமல் கோணிப்பையில் சுற்றித் தூங்க வைப்பது. எல்லாவற்றையும் இரண்டு பேரும் ரோபோவிடம்தான் சொன்னார்கள். கல்யாணப் பேச்சை மட்டும் லீமாரோஸ் எடுக்கவில்லை. பொம்மையை வைத்துத் தாய்மாமனை அழைத்தாள் என்று தங்கச்சிமடம் வரைக்கும் சிரிப்பார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அது கேட்டது: "உங்கள் அம்மாவைப் பற்றிய ஒரு நினைவைச் சொல்லுங்கள். அவரைக் கடைசியாகப் பார்த்த நாள் ஞாபகம் இருக்கிறதா?"

அதற்கு என்ன தெரியும்? துர்காதேவி சட்டென்று நிமிர்ந்தாள். வாவு முகம்மது தொப்பியைச் சரிசெய்துகொண்டார். யாராவது வேறு பேச்சை எடுக்க மாட்டார்களா என்று லீமாரோஸ் தவித்தாள்.

சிலுவைமுத்து பேசினான். "நான் கடலுக்குக் கெளம்பும்போது வாசல்ல உக்காந்து சூடை மீனுக்குச் செதிலு எடுத்துக்கிட்டு இருந்தா. நிமுந்துகூடப் பாக்கல. 'சோத்துச் சட்டிய எடுத்துக்கிட்டியா'ன்னா. 'ம்'ன்னேன். அம்புட்டுத்தான். கையப் பாத்தேன், முகத்தப் பாக்கல. இப்ப நெனச்சா கைதான் வருது, முகம் வர மாட்டேங்குது."

வட்டக் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. வேறு யாரும் பேசாததால் கழுத்து திரும்பவில்லை.

லீமாரோஸ் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு, ரோபோவின் வெள்ளைத் தோளைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"கேட்டுக்க சிஸ்டரு. அம்மாவுக்கு அன்னைக்கு ஊதாப் பூப் போட்ட வெள்ளச் சீலதான் கட்டுனோம். வேளாங்கண்ணிக்குப் போனப்ப மகன் எடுத்துக் குடுத்தது. தலைக்கு எண்ண வச்சு நான்தான் சீவுனேன், நடு வகிடு. தூங்கும்போது வாய் கொஞ்சம் தொறந்திருக்குமே, அப்பிடியே தொறந்திருந்துச்சு. எத்தன தடவ மூடுனாலும் தொறந்துக்கிருச்சு. முகத்துல நோவு இல்ல. இப்பத்தான் சந்தைக்குப் போயிட்டு வந்து அலுப்புல படுத்த மாதிரி இருந்தா. கையில செபமால, அந்தக் கண்ணாடி மணி." தலைப்பை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள். "பெட்டிய மூடும்போது மகனோட சட்ட ஒண்ண மடிச்சு நெஞ்சுல வச்சேன். ஆளு இல்லாட்டாலும் சட்டையாச்சும் கூடப் போகட்டும்னு. அந்தச் சட்டயக் காணாம வீட்டுல தேடியிருப்பாக."

சிலுவைமுத்து தன் சட்டை நுனியை விரலால் தடவினான்.

"நீலக் கட்டம் போட்டதா?" என்று சிலுவைமுத்து ரோபோவிடம் கேட்டான்.

"ஆமா" என்றாள் லீமாரோஸ், ரோபோவிடம்.

"அதுக்கு எம் பொண்டாட்டி பிரெசில்லாவப் போட்டு ஏசுனேன். துணி காயப் போட்ட எடத்துல தொலச்சுட்டான்னு."

"நன்றி" என்றது ரோபோ. "இன்றைய நினைவுப் பயிற்சி முடிந்தது. இருவரும் மிக நன்றாகச் செய்தீர்கள்."

யாரும் சிரிக்கவில்லை. சிலுவைமுத்து மாத்திரை வாங்காமலே எழுந்து போய்விட்டான். துர்காதேவி தெருமுனை வரை ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் சஃபா ஒரு வேனோடு வந்தாள். ஆராய்ச்சிக் காலம் முடிந்துவிட்டது, கல்லூரிக்கே கொண்டுபோகிறோம் என்றாள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஆம்பிளைகள் எல்லாம் கரையில் இருந்தார்கள், கூடம் நிறைந்திருந்தது. மூக்கையா வேனில் ஏற்ற ஒரு கை கொடுத்தார்.

"அவளப் பாத்துப் பைய வைங்க" என்றார் டிரைவரிடம்.

"திரும்ப வருமாம்மா?" என்று லீமாரோஸ் கேட்டாள்.

"இன்ஷா அல்லாஹ். அடுத்த வருசம் எதாவது திட்டம் வந்தா. நாங்க மாத்திரைக்காகத்தாம்மா இதச் செஞ்சோம். இவ்வளவு பேசுவீகன்னு எங்களுக்கே தெரியாது."

அதற்கு அடுத்த வியாழக்கிழமை, கூடத்தின் மூலையில் ஒரு பிளக் பாயிண்ட் மட்டும் இருந்தது. ஜனங்கள் பழக்கத்தில் அந்த மூலையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்கள். துர்காதேவி, "மாத்திர போட்டீகளா?" என்று கேட்டதற்கு மூக்கையா, "ஒனக்கென்ன?" என்றார். டீக்கடைப் போண்டா வாசனை யார் பையிலிருந்தோ வந்தது. லீமாரோஸுக்கு அந்த ஆறேழு மாதமும், யாரோ வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து தங்கிவிட்டுப் போன காலம் மாதிரி தூரமாகத் தெரிந்தது. அதன் கண் சுருங்குவது, கழுத்து திரும்பும்போது வரும் 'ஸ்ஸ்' என்ற சின்னச் சத்தம், "இங்கன பாப்போம்" என்று சொல்வது. ஒரு மிஷினுக்காக நெஞ்சு இப்படி வலிக்குமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

எதிர் பெஞ்சில் சிலுவைமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு மாதம்கூட இல்லை. கோவிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது. வாயால் கூப்பிடுவதுதான் பாக்கி.

அவள் மூலையைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாள். "இந்தா, ஒனக்கு ஒண்ணு..." என்றாள். அங்கே எதுவும் திரும்பவில்லை. வாவு முகம்மது மட்டும் பாவமாகப் பார்த்தார். சொல் பாதியில் தொங்கியது. அந்தக் கூடத்தில் இத்தனை மாதம் யார் பேசினாலும் ஒரு கழுத்து திரும்பியிருக்கிறது. இப்போது திரும்புவதற்கு ஒருத்தரும் இல்லை. லீமாரோஸ் தானே திரும்பினாள்.

"அண்ணே."

சிலுவைமுத்து அசையவில்லை. ஆனால் கண் சுவரிலிருந்து கீழே இறங்கியது.

"அண்ணே, மே இருபத்தாறு திங்கக்கெழம நம்ம ஜெர்லினுக்குக் கல்யாணம். நீ வந்து முன்ன நிக்கணும்."

அவன் தொண்டையைச் செருமினான்.

"தாய்மாமன இங்கன வச்சா கூப்பிடுவ? சீனி மாத்திர வாங்குற எடத்துல?"

"பின்ன எங்க வச்சு?"

"எனக்கு வீடு வாச இல்லியா?"

"இருக்கு."

"அப்பறம்?"

"சாயங்காலம் வாரேன்."

"வா." கொஞ்சம் கழித்து, "பிரெசில்லாகிட்டச் சொல்லி வைக்கிறேன். மச்சானையும் கூட்டிட்டு வா" என்றான்.

துர்காதேவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த ஆளு யாரு?" என்று சத்தம் போட்டாள்.

சாயங்காலம் லீமாரோஸும் ஆன்டனி ராஜும் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை வைத்துக்கொண்டு போனார்கள். ஆறு வருடத்தில் வாசல் கதவுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பிரெசில்லா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். சுவரில் அம்மா படம் மாட்டிய இடம் மட்டும் மாறவில்லை. தாம்பாளத்தை வாங்கும்போது சிலுவைமுத்து என்ன சொல்வதென்று தெரியாமல், "வெயிலு சாஸ்தியா இருக்கு" என்றான். "ஆமா" என்றாள் லீமாரோஸ். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடவில்லை. கச்சத்தீவையும் பிஸ்கட் டப்பாவையும் வாய்விட்டுப் பேசியவர்கள் இவர்கள்தானா என்று பார்த்தவர்கள் சந்தேகப்பட்டிருப்பார்கள். பிரெசில்லா டீ கொண்டுவந்தாள். சிலுவைமுத்து, லீமாரோஸின் கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டு, "சீனி போடலல்ல?" என்று மனைவியிடம் கேட்டான்.

"ஒங்களுக்கும்தான் போடல" என்றாள் பிரெசில்லா.

ஆன்டனி ராஜ்தான் தடைக்காலம், புதுப் பாலம், மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் என்று பேசி இருட்டும் வரை நேரத்தை ஓட்டினான்.

இப்போதும் வியாழக்கிழமைகளில் இருவரும் மருந்தகத்துக்கு வருகிறார்கள். ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். மாத்திரை, மீன் விலை, யார் வீட்டில் விசேஷம் என்று நாலு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள். பொம்மை சிஸ்டரிடம் பேசிய அளவுக்கு இல்லை. சஃபாவிடமிருந்து ஏதாவது சேதி உண்டா என்று சிலுவைமுத்து அவ்வப்போது துர்காதேவியிடம் விசாரிப்பான். இல்லை என்று அவள் சொல்வாள்.

2025 மே 26, திங்கட்கிழமை காலையில், ஜெர்லினைக் கைபிடித்து வீட்டு வாசலிலிருந்து கோவிலுக்கு அழைத்துப் போனவன் சிலுவைமுத்து.